ஜெயில்பிரேக் செய்த பி.எஸ்.4-ல் ஆன்லைன் ஆடலாமா? ஏற்காட்டுத் தம்பிக்கு விரிவான பதில்

கேள்வி சுருக்கமாக இது. ஏற்காட்டில் இருக்கும் ஒரு கல்லூரித் தம்பி, சேலத்தில் ஒருவரிடம் செகண்ட் ஹேண்ட் பி.எஸ்.4 (சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் மெஷின்) பார்த்து வைத்திருக்கிறார். ஜெயில்பிரேக் செய்தது, அதாவது கம்பெனி போட்ட பூட்டை உடைத்துக் காப்பி கேமும் ஓடும்படி செய்தது, ஹார்ட் டிஸ்க் நிறைய கேம், “ஆன்லைனும் ஓடும்” என்கிறார் விற்பவர். வாங்கலாமா? இரண்டாவது, பிஜிஎம்ஐ-யில் (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) நண்பர்கள் டெலிகிராமில் ஹேக் வாங்கி ஆடுகிறார்கள், ஐடி போனால் போகட்டும் என்கிறார்கள், அதைத் தாண்டி ஆபத்து உண்டா? மூன்றாவது, இதெல்லாம் போலீஸ் கேஸ் ஆகுமா?

தம்பி, முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன். ஒரே மெஷினில் ஜெயில்பிரேக்கும் ஆன்லைனும் ஒன்றாக ஓடாது. விற்பவர் பொய் சொல்கிறார் என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ‘ஆன்லைன்’ என்று எதைச் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் யூடியூப் ஓடும், பிரவுசர் திறக்கும் என்பதைத்தான் சொல்வார். இன்னொரு ஆளோடு மோதி ஆட வேண்டுமென்றால் சோனியின் பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் சைன் இன் ஆக வேண்டும், அதற்கு அன்றைய தேதிக்கு எது புதிய ஃபர்ம்வேரோ (மெஷினை ஓட்டும் உள் நிரல்) அது மெஷினில் இருக்க வேண்டும். ஜெயில்பிரேக் ஆகிற மெஷின் பழைய ஃபர்ம்வேரில் நிற்கிற மெஷின், ஏனென்றால் புதியதில் அந்த ஓட்டையை அடைத்திருப்பார்கள். நெட்வொர்க் கேட்கிறதே என்று அப்டேட் போட்டால் ஜெயில்பிரேக் போய்விடும், ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிற கேம் எல்லாம் பூட்டுப் படத்தோடு உட்கார்ந்திருக்கும், திரும்பப் பழைய ஃபர்ம்வேருக்கு இறங்க சாதாரண ஆளுக்கு வழி கிடையாது.

இது எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் கடைக்காரர் சொல்லும் மற்ற கதைகளில் எது நிற்கும், எது நிற்காது என்று பார்க்க முடியும். பி.எஸ்.4-ன் உள்ளே ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி என்கிற இயங்குதளத்தை எடுத்து சோனி தனக்கென்று மாற்றிக்கொண்ட ஒன்று. 5.05 ஃபர்ம்வேருக்கு 2018-ல் பிரவுசர் வழியாக ஓட்டை கிடைத்தது. 9.00-க்கு 2021 கடைசியில் கிடைத்தது, அதில் வேண்டுமென்றே கெடுத்து வைத்த பென் டிரைவ் ஒன்றைச் சரியான நேரத்தில் செருக வேண்டும். 11.00-க்கு 2024-ல் வந்ததுதான் எனக்குப் பிடித்த கதை. பழைய பிஎஸ்என்எல் பிராட்பேண்டில் யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு டயல் செய்வோமே, அதே பிபிபிஓஇ முறையைக் கையாளும் பகுதியில் ஒரு பிழை. வெளியுலகத்தில் 2006-லேயே கண்டுபிடித்த பிழை அது, 2013-ல் வந்த சோனியின் பெட்டிக்குள் பத்து வருடமாகச் சும்மா படுத்திருந்தது. தெஃப்ளோ என்ற பெயரில் இயங்கும் ஆராய்ச்சியாளர் அதைச் சோனிக்குச் சொல்லி, அவர்கள் அடைத்த பிறகுதான் ஊருக்குச் சொன்னார். கவனியுங்கள், ஊருக்குத் தெரியும்போதே அது புதிய ஃபர்ம்வேரில் வேலை செய்யாது. ஆன்லைனும் ஜெயில்பிரேக்கும் எப்போதும் இப்படிக் கால் மாற்றிக் கால் வைத்துத்தான் நடக்கும்.

இன்னொன்றையும் விற்பவர்கள் சொல்வதில்லை. பி.எஸ்.4 ஜெயில்பிரேக் நிலைத்து நிற்காது. மெஷினை முழுதாக அணைத்துவிட்டுப் போட்டால் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். கடையில் ஸ்லீப்பிலிருந்து எழுப்பி ஜம்மென்று காட்டுவார்கள். நீங்கள் ஏற்காட்டில், ஐப்பசி மழையில் கரண்ட் போய்ப் போய் வருகிற வீட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் பென் டிரைவைச் செருகி, மெஷின் கிராஷ் ஆகி, மறுபடி செருகி என்று உட்கார்ந்திருக்க வேண்டும். பழகிவிடும் என்பார்கள், பழகத்தான் செய்யும், ஆனால் காசு கொடுக்கும் முன்பு தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சரி, உண்மையிலேயே ஆன்லைன் ஓடுகிற, கேமும் நிறைய இருக்கிற பி.எஸ்.4-ஐ அவர் காட்டினால்? அப்போது அது ஜெயில்பிரேக் இல்லை, ஷேரிங் கணக்கு. யாரோ ஒருவர் ஒரு பிளேஸ்டேஷன் கணக்கில், பல சமயம் விலை குறைவாக இருந்த காலத்தில் திறந்த துருக்கிக் கணக்கில், ஒரிஜினலாக கேம் வாங்கியிருப்பார். ஒரு கணக்கை ஒரு பி.எஸ்.4-ல் பிரைமரியாக வைக்கலாம், வைத்தால் அந்த மெஷினில் எந்தக் கணக்கில் நுழைந்தாலும் அந்த கேம் ஓடும். இந்த வசதி ஒரு வீட்டுக்குள் அண்ணன் தம்பி பகிர்ந்துகொள்ளத் தரப்பட்டது, அதை வைத்துத்தான் பிரைமரி ஸ்லாட் இவ்வளவு, செகண்டரி ஸ்லாட் இவ்வளவு என்று ஒரு சந்தையே ஓடுகிறது. கேம் நிஜமானது, ஆன்லைனும் நிஜம், ஆனால் கணக்கு உங்களுடையது இல்லை. விற்றவர் நாளைக்கே பாஸ்வேர்டை மாற்றி, உங்கள் பிரைமரியை நீக்கி, அதே ஸ்லாட்டை ஓமலூரில் இன்னொருவருக்கு விற்கலாம். அப்போது யாரிடம் போய்க் கேட்பீர்கள், பில் இருக்கிறதா? என் மேஜைக்கு ரிப்பேருக்கு வரும் மெஷின்களில் “கேம் எல்லாம் திடீரென்று காணோம், ஹார்ட் டிஸ்க் போயிருக்குமா” என்று கொண்டுவருகிறவர்களில் ஒரு பங்கு இந்தக் கதைதான். ஹார்ட் டிஸ்க் கல்லுப்போல இருக்கும்.

பழைய ஆட்கள் சிலர், “நாங்கள் சிப் அடித்த மெஷினில் ஆயுசுக்கும் ஆடினோம், ஒன்றும் ஆகவில்லை” என்பார்கள். சரிதான், அது வேறு காலம். முதல் பிளேஸ்டேஷனின் ஒரிஜினல் டிஸ்க்கில், உள் வளையத்தில் ஓர் அசைவாக மண்டலக் குறியீடு பதிந்திருக்கும், வீட்டு சிடி ரைட்டரால் அந்த அசைவை எழுத முடியாது. சிப் செய்த வேலை மெஷினுக்கு அந்தக் குறியீட்டைப் பொய்யாக ஊட்டுவது மட்டும்தான். பி.எஸ்.2 காலத்தில் சேலத்தில் கேம் சென்டரில் மணிக்குக் காசு வாங்கி ஓடிய மெஷின்களில் ஒரிஜினல் டிஸ்க்கைப் பார்த்தவர் யார்? சென்னை பர்மா பஜாரிலிருந்தும் ரிச்சி தெருவிலிருந்தும் கட்டுக்கட்டாக வந்த காப்பி டிஸ்க்குகள்தான். மெஷின் எந்த நெட்வொர்க்கிலும் சேராது, அதனால் யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை.

எட்டிப் பார்த்தது எக்ஸ்பாக்ஸ் 360 காலத்தில். அதன் டிவிடி டிரைவுக்குள் தனியாக ஒரு ஃபர்ம்வேர் உண்டு. “உள்ளே இருப்பது ஒரிஜினல் டிஸ்க்கா” என்று மெஷின் கேட்கும், டிரைவ் பதில் சொல்லும். டிரைவின் ஃபர்ம்வேரை மாற்றி எழுதினால் எந்த டிஸ்க்குக்கும் ஆமாம் என்று சொல்லிவிடும். மெஷினுக்குத் தெரியாது, ஆனால் எக்ஸ்பாக்ஸ் லைவ் சர்வருக்குச் சந்தேகம் வரும். மைக்ரோசாஃப்ட் பொறுத்திருந்து, மாடர்ன் வார்ஃபேர் 2 என்ற சுடும் கேம் வெளியான 2009 நவம்பர் வாக்கில் கொத்தாகத் தடை போட்டது. பத்து லட்சம் மெஷின் வரை என்று அப்போது செய்தி வந்தது, நிறுவனம் எண்ணிக்கை எதையும் சொல்லாமல் ஒரு சிறு சதவீதம் என்றே பேசியது. விஷயம் என்னவென்றால் தடை விழுந்தது ஆளின் கணக்குக்கு இல்லை, மெஷினுக்கு. ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அதற்கே உரிய ஒரு சாவி தொழிற்சாலையிலேயே பதிந்திருக்கும், அந்தச் சாவியைத் தடைப் பட்டியலில் சேர்த்துவிட்டால் புதுக் கணக்கு, புது மோடம், வேறு வீடு எதுவும் உதவாது. அப்படித் தடை விழுந்த மெஷின்கள் எங்கே போயின என்று நினைக்கிறீர்கள்? செகண்ட் ஹேண்டுக்கு. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வருகிறேன்: பழைய கன்சோல் வாங்கும்போது நீங்கள் பெட்டியை மட்டும் வாங்கவில்லை, சர்வரில் அதன் பெயரில் என்ன எழுதியிருக்கிறதோ அதையும் சேர்த்து வாங்குகிறீர்கள், அதை விற்பவரும் அழிக்க முடியாது, நானும் அழிக்க முடியாது.

நிண்டெண்டோ ஸ்விட்ச் இதில் இன்னும் மோசம். 2018-ல் அதன் என்விடியா சிப்பின் அடிப்படை நினைவகத்திலேயே ஒரு பிழை வெளியானது, அந்தப் பகுதி தொழிற்சாலையில் எழுதி முடித்தது, அப்டேட் போட்டு அடைக்க முடியாதது. அதற்கு முன்பு விற்ற ஸ்விட்ச் எல்லாம் காலத்துக்கும் திறந்த வீடு. அந்த வழியை வைத்துக் காசு பண்ணிய டீம் எக்ஸிக்யூட்டர் கும்பலில் ஒருவருக்கு 2022-ல் அமெரிக்காவில் 40 மாதச் சிறை கிடைத்தது. தடை போடுவதில் நிண்டெண்டோ கூச்சமே படாது. கேம் கார்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு, ஒரே கார்டின் அடையாளம் இரண்டு இடத்திலிருந்து நெட்டில் வந்தால் அவர்களுக்குப் புரிந்துவிடும். 2025-ல் ஸ்விட்ச் 2 வந்தபோது, பழைய கேம் கார்டை நியாயமாக வாங்கிய ஒருவருக்கே தடை விழுந்து, வாங்கிய ஆதாரத்தைக் காட்டி மீட்டதாகச் செய்தி வந்தது. அங்கே காட்ட ஓர் இடம் இருந்தது. நம் நாட்டில் நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக விற்பதே இல்லை, வருவதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்த சரக்கு. சேலத்தில் உங்கள் ஸ்விட்ச் தடைபட்டால் முறையிட ஐந்து ரோட்டில் சர்வீஸ் சென்டர் தேட முடியாது.

நிறுவனங்கள் பக்கம்தான் எல்லா நியாயமும் என்று சொல்ல வரவில்லை. பி.எஸ்.3-ஐ விற்கும்போது அதில் லினக்ஸ் போடலாம் என்று சொல்லியே விற்றார்கள், அமெரிக்க விமானப்படைகூட ஆயிரத்துச் சொச்சம் மெஷின்களை இணைத்து ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் கட்டியது. 2010 ஏப்ரல் 1 அன்று ஓர் அப்டேட்டில் சோனி அந்த வசதியைப் பிடுங்கியது. காசு கொடுத்து வாங்கிய பொருளின் ஒரு பகுதியை வீட்டுக்குள் வந்து எடுத்துக்கொண்டு போனது போலத்தான். கோபப்பட்டவர்களில் திறமைசாலிகளும் இருந்தார்கள். அதே வருடக் கடைசியில் ஃபெயிலோவர்ஃப்ளோ குழு ஜெர்மனியில் ஒரு மாநாட்டில் சோனியின் கையெழுத்து முறையைக் கிழித்துக் காட்டியது. ஒவ்வொரு கையெழுத்துக்கும் புதிதாக ஒரு தற்செயல் எண் போட வேண்டும், சோனி ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பப் போட்டிருந்தது. ஒரே எண் என்றால் இரண்டு கையெழுத்தை எடுத்து இரண்டு சமன்பாடு எழுதலாம், தெரியாதவை இரண்டே, ஒன்பதாம் வகுப்புக் கணக்கு. விடை சோனியின் ரகசியச் சாவி. அடுத்த மாதமே ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் மெஷினின் மூலச் சாவி ஒன்றைப் பொதுவில் போட்டார், சோனி வழக்குப் போட்டது, சில மாதங்களில் சமரசம் ஆனது.

அதனால் என் நிலை இது. உங்கள் பெட்டியைத் திறந்து நீங்கள் என்ன செய்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. கம்பெனி கைவிட்ட பழைய கேமைக் காப்பாற்றி வைப்பவர்கள், சொந்தமாக நிரல் எழுதி ஓட்டிப் பார்ப்பவர்கள் மேல் மரியாதையே உண்டு, அந்த ஆர்வத்தில் தொடங்கி நல்ல வேலைக்குப் போன பையன்களை எனக்குத் தெரியும். காப்பி கேமைப் பற்றி உபதேசம் செய்யும் தகுதி நம் ஊரில் யாருக்கும் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை, நாலாயிரம் ஐயாயிரம் ரூபாய் என்று புது கேமுக்கு விலை வைத்தால் என்ன நடக்கும் என்று விலை வைப்பவர்களுக்கும் தெரியும். ஆனால் ஏமாற்றி ஆடுவது இந்த வரிசையிலேயே வராது. அதில் இழப்பவன் ஜப்பானில் இருக்கிற கம்பெனி இல்லை, வேலை முடிந்து வந்து அரை மணி நேரம் ஆடலாம் என்று உட்கார்ந்த அம்மாப்பேட்டைக்காரன்.

ஏமாற்றுவது எப்படிச் சாத்தியமாகிறது என்று கேட்டால், அடிப்படை ஒன்றுதான்: உங்கள் மெஷினுக்கு ஏற்கனவே எல்லாம் தெரியும். எதிரி சுவருக்குப் பின்னால் நிற்கும்போதே அவன் இருக்கும் இடம் உங்கள் போனின் நினைவகத்துக்கு வந்திருக்கும், அவன் எட்டிப் பார்த்த அந்தக் கணத்தில் வரைந்து காட்ட வேண்டுமே. திரை மட்டும்தான் மறைக்கிறது. இஎஸ்பி, வால்ஹேக் என்பதெல்லாம் மறைத்ததைப் படித்துக் கோடு போட்டுக் காட்டுவது. எய்ம்பாட் அதே எண்களை வைத்துக் குறியைத் திருப்புவது. வாலரண்ட் என்ற கம்ப்யூட்டர் சுடும் கேம் இதற்கு ஒரு நல்ல வழி கண்டது: எதிரி உங்கள் கண்ணில் படப்போகும் நேரம் நெருங்கும் வரை அவன் இடத்தை சர்வர் அனுப்பவே அனுப்பாது. வராத தகவலைத் திருட முடியாது. ஆனால் அதற்கு சர்வர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட வேண்டும், நூறு பேர் குதிக்கிற பெரிய வரைபடத்தில் அது அவ்வளவு லேசில்லை.

இன்னும் கேவலமான அமைப்பு ஒன்று உண்டு, சர்வரே இல்லாமல் ஆட்டக்காரர்களில் ஒருவனுடைய மெஷினையே நடத்துனராக வைப்பது. தெரு கிரிக்கெட்டில் பேட் வைத்திருப்பவனே அம்பயராகவும் நின்றால் எப்படி இருக்கும், அதுதான். மாடர்ன் வார்ஃபேர் 2-வில் ஜேடேக் முறையில் பூட்டுடைத்த எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவன் நடத்துனர் ஆனால் அந்த அறையில் அவன் வைத்ததுதான் சட்டம், ஈர்ப்பு விசையை மாற்றலாம், சும்மா உள்ளே வந்தவனுக்குக்கூட கடைசி நிலை வரை புள்ளியை வாரி இறைக்கலாம். கேட்காமலே புள்ளி கிடைத்த அப்பாவிகளும் உண்டு. ஜிடிஏ ஆன்லைனிலும் வருடக்கணக்கில் பிசியில் ஹேக் மெனு போட்டவன் ராஜ்யம்தான், 2024 செப்டம்பரில்தான் பேட்டில்ஐ என்கிற ஹேக் தடுக்கும் காவல் நிரலைச் சேர்த்தார்கள்.

இங்கே மலைக்காரர்களுக்கு ஒரு விஷயம். ஒண்டிக்கடையைத் தாண்டி நாகலூர்ப் பக்கம் போனால் சிக்னல் எப்படி என்று உங்களுக்கே தெரியும். சிக்னல் விட்டுவிட்டு வரும்போது எதிராளி திரையில் நீங்கள் ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் முளைப்பீர்கள், அவன் சுட்ட குண்டு உங்கள் மேல் படாது, உடனே “லேக் ஸ்விட்ச் போடுகிறான், ஹேக்கர்” என்று ரிப்போர்ட் அடிப்பான். வேண்டுமென்றே இணைப்பைத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும் லேக் ஸ்விட்ச் என்று ஒன்று உண்மையிலேயே இருக்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தெரியும். பயப்பட வேண்டாம். ரிப்போர்ட் வருவது ஒரு சந்தேகத்தைக் கிளப்பும், அவ்வளவுதான், தடை போட மெஷினிலோ ஆட்டத்தின் பதிவிலோ வேறு தடயமும் தேடுவார்கள்.

தடயம் தேடும் முறைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் “என் நண்பன் மூன்று மாதமாக ஆடுகிறான், ஒன்றும் ஆகவில்லை” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். ஒன்றும் ஆகாததற்குக் காரணம் கண்டுபிடிக்காதது என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டீம் என்கிற கம்ப்யூட்டர் கேம் கடையின் காவல் நிரலான வேக், 2002-லிருந்து இருப்பது, கண்டுபிடித்ததும் தடை போடாமல் சேர்த்து வைத்து ஒரே அலையாகப் போடும். உடனே போட்டால் எந்த மாற்றத்தால் மாட்டினோம் என்று ஹேக் எழுதுபவனுக்குத் தெரிந்துவிடும், அடுத்த நாளே சரிசெய்துவிடுவான். வாலரண்டின் காவல் நிரலான வேன்கார்டு இன்னும் ஆழம், விண்டோஸ் ஏறும்போதே அதன் மையப் பகுதியான கெர்னலில் கூடவே ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஒரு கேமுக்காக வீட்டுச் சாவியையே கொடுக்க வேண்டுமா என்று கேட்பவர்களை நான் தவறு சொல்ல மாட்டேன், வங்கி வேலை பார்க்கும் கம்ப்யூட்டரில் நானே அதைப் போட மாட்டேன். அந்தக் காவலையும் தாண்ட, பிசிஐ ஸ்லாட்டில் ஒரு கார்டைச் செருகி இரண்டாவது கம்ப்யூட்டரிலிருந்து முதல் கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அவ்வளவு செலவு செய்து தங்க ரேங்க் வாங்குகிறவனைப் பார்த்து எனக்குக் கோபம்கூட வருவதில்லை.

நம் நாட்டிலிருந்து ஒருவர் மாட்டியது உலகத்துக்கே தெரியும். 2018 அக்டோபரில் ஷாங்காயில் நடந்த கவுன்ட்டர் ஸ்ட்ரைக் போட்டி, ஆப்டிக் இந்தியா அணி, ஃபர்சேகன் என்ற பெயரில் ஆடிய நிகில் குமாவத். ஆட்டத்தின் நடுவே நிர்வாகிகள் வந்து கம்ப்யூட்டரைப் பார்க்கிறார்கள், அவர் எதையோ அவசரமாக அழிக்கப் பார்க்கிறார், கேமரா எல்லாவற்றையும் காட்டுகிறது. உள்ளே இருந்தது ‘வேர்ட்.எக்ஸி’ என்று பெயர் மாற்றி வைத்த எய்ம்பாட். அவருக்கு ஐந்து வருடத் தடை, அணி கலைக்கப்பட்டது, அந்த நிறுவனம் இந்தியாவை விட்டே போனது. ஒன்றும் செய்யாத மற்ற நான்கு பேர் விமானம் ஏறித் திரும்பி வந்தார்கள். அந்த வேர்ட்.எக்ஸி இன்றைக்கும் வெளிநாட்டுக்காரர்கள் நம்மைப் பார்த்து அடிக்கும் கிண்டல்.

இப்போது பிஜிஎம்ஐ. “ஐடி போனால் போகட்டும்” என்பது பழைய கணக்கு. 2021 டிசம்பரிலிருந்து அந்த கேமின் கம்பெனியான கிராஃப்டன் ஹேக் கண்டுபிடித்தால் கணக்கோடு நிற்காமல் போனையே தடை செய்கிறது. பதினைந்தாயிரம் ரூபாய் போனில் அந்த கேம் இனி திறக்காது, அந்தப் போன் பிறகு யாருக்கு விற்கப்படுகிறதோ அவருக்கும் திறக்காது. பழைய போன் வாங்குகிறவர்களுக்கும் எக்ஸ்பாக்ஸ் கதைதான்.

ஆனால் தடையைவிட என்னை அதிகம் கவலைப்படுத்துவது ஹேக் வருகிற அந்த ஏபிகே, பிளே ஸ்டோருக்கு வெளியே கிடைக்கும் ஆப் ஃபைல். டெலிகிராமில் நாள் கீ, வார கீ, மாத கீ என்று விற்கிறார்கள், யூபிஐ-யில் காசு போட்டால் ஹேக்கை ஏற்றிவிடும் ஒரு லோடர் ஆப் வரும். அது என்னென்ன அனுமதி கேட்கிறது என்று உங்கள் நண்பரின் போனை வாங்கிப் பாருங்கள். மற்ற ஆப்களுக்கு மேல் வரைய, ஃபைல்களைப் படிக்க, வெளி ஆப்களை நிறுவ, அப்புறம் அக்சஸிபிலிட்டி. கடைசியாகச் சொன்னதைக் கொடுத்துவிட்டால் திரையில் இருப்பதை எல்லாம் அந்த ஆப் படிக்கலாம், உங்கள் விரல் போலவே தானாக அழுத்தலாம். அதே போனில் ஜிபே இருக்கிறது, ஓடிபி வருகிறது. பையன்கள் பெரும்பாலும் ஆடுவது அப்பாவின் போனில். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரின் போன் என்றால் வெள்ளி வாங்குகிற பணம் மொத்தமும் அதில்தான் போய் வருகிறது. கேமை ஏமாற்ற ஒருவன் எழுதிய நிரல் உங்களிடம் மட்டும் யோக்கியமாக நடந்துகொள்ளும் என்று எந்த நம்பிக்கையில் போடுகிறார்கள்? எல்லா லோடரிலும் திருட்டு நிரல் இருக்கிறது என்று சொல்லவில்லை, இருக்கிறதா இல்லையா என்று போடுகிறவனுக்குத் தெரிய வழியில்லை.

கண்ட இடத்தில் ஏபிகே இறக்கும் இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று யோசித்தால், பாதிப் பழி தடைகள் மேலும் போட வேண்டும் என்பேன். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைலை அரசு தடை செய்தது, பையன்கள் விபிஎன் போட்டுக் கொரியப் பதிப்பை இறக்கினார்கள். 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ வந்தது, 2022 ஜூலை 28-ல் கடைகளிலிருந்து காணாமல் போனது, 2023 மே மாதம்தான் திரும்பியது. நடுவில் அந்தப் பத்து மாதமும் கேம் வேண்டுமென்றால் பிளே ஸ்டோருக்கு வெளியே போக வேண்டியிருந்தது. “தெரியாத மூலத்திலிருந்து நிறுவு” என்ற பட்டனை ஒரு தலைமுறையே யோசிக்காமல் அழுத்தக் கற்றுக்கொண்டது அப்போதுதான்.

மூன்றாவது கேள்வி, சட்டம். நான் வக்கீல் இல்லை, படித்தவரை சொல்கிறேன். பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 1957, பிரிவு 63-ன்படி தெரிந்தே உரிமையை மீறினால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஹார்ட் டிஸ்க்கில் கேம் ஏற்றி விற்கும் கடைக்காரருக்குப் பொருந்துவது இது. காப்பி அடித்த நிரல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்துபவருக்குப் பிரிவு 63பி, குறைந்தது 7 நாள் சிறை என்று தொடங்கும், வியாபாரத்துக்கு இல்லாமல் பயன்படுத்தியிருந்தால் சிறை போடாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. 2012 திருத்தத்தில் வந்த 65ஏ, உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பதற்கு 2 வருடம் வரை சிறை என்கிறது. அந்த ‘நோக்கத்தோடு’ என்பதைக் கவனியுங்கள், சொந்த நிரலை ஓட்ட மெஷினைத் திறப்பதும் காப்பி கேம் போடத் திறப்பதும் அங்கே ஒன்றாகாது. கேமில் எய்ம்பாட் போடுவதற்கென்று நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை. தென்கொரியாவில் உண்டு, ஹேக் செய்து பரப்புகிறவனுக்கு 5 வருடம் வரை சிறை. இங்கே நீங்கள் மீறுவது கேம் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தை, அதற்குத் தண்டனை தடைதான். வீட்டில் காப்பி கேம் ஆடிய கல்லூரிப் பையனைத் தேடி போலீஸ் மலையேறி வந்ததை நான் கேள்விப்பட்டதில்லை, கீ வாங்கி விற்க ஆரம்பித்தால் கதை வேறு.

அப்புறம் நீங்கள் என்ன செய்யலாம்? ஆன்லைன்தான் வேண்டுமென்றால் ஜெயில்பிரேக் செய்யாத பி.எஸ்.4, டிஸ்க் டிரைவ் வேலை செய்வதாகப் பார்த்து வாங்குங்கள். ஃபோர்ட்நைட், ராக்கெட் லீக், ஈ-ஃபுட்பால் மூன்றும் இலவசம், ஆன்லைன் ஆட பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவும் வேண்டாம். மற்றதற்குப் பழைய டிஸ்க் வாங்கி ஆடி முடித்து விற்றால் கையிலிருந்து போவது கொஞ்சம்தான். தனியாகக் கதை கேம் மட்டும் ஆடப் போகிறேன், நெட்டே வேண்டாம் என்றால் அந்த ஜெயில்பிரேக் மெஷின் உங்கள் இஷ்டம், ஆனால் அதை ஆன்லைன் மெஷின் விலைக்கு வாங்காதீர்கள்.

எதுவானாலும் காசு கொடுக்கும் முன்பு, கடை வைஃபையை நம்பாமல் உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் மெஷினை இணைத்து, புதிதாகத் திறந்த உங்கள் சொந்தக் கணக்கில் சைன் இன் செய்து, ராக்கெட் லீக்கை இறக்கி ஒரு ஆட்டம் முழுதாக ஆடிப் பாருங்கள். இறங்க நேரமாகும், விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை, அதற்குள் பக்கத்தில் ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டு வந்துவிடலாம். செட்டிங்ஸில் சிஸ்டம் தகவலைத் திறந்து ஃபர்ம்வேர் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மெஷினை முழுதாக அணைத்து, பவர் கார்டையும் பிடுங்கி, மறுபடி போடச் சொல்லுங்கள், ஜெயில்பிரேக்கோ இல்லையோ அப்போதே தெரிந்துவிடும். அவர் காட்டும் கேம்கள் எந்தக் கணக்கில் வாங்கியவை என்று கேளுங்கள், அந்தக் கணக்கை நீக்கிவிட்டுக் கேம் திறக்கிறதா என்று பாருங்கள். இதற்கெல்லாம் சம்மதிக்காதவரிடம் வாங்க வேண்டாம், அவ்வளவுதான். போர்டில் சால்டர் செய்த தடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமென்றால் என்னிடம் கொண்டுவாருங்கள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வரை கடையில் இருப்பேன்.